கதைப்பதற்கு ஒரு படகு

செய்தி வந்தபோது நான் லூயிஷாம் பேருந்துத் தரிப்பில், சந்தையில் வாங்கிய மரக்கறிப் பைகளோடு நின்றேன். கைத்தொலைபேசியில் மலரின் பெயர். மலர் பகல் நேரத்தில் அழைக்கமாட்டாள். பைகளை நிலத்தில் வைத்துவிட்டுப் போனைக் காதில் வைத்தேன்.

"அக்கா, இவர் போட்டார்" என்றாள்.

"எங்கை போட்டார்?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான், தன் மனிசன் செத்துப்போனார் என்கிறாள் என்று விளங்கியது. மறுபக்கத்தில் அவள் அழவில்லை. யாரோ ஒரு கடைக்காரர் போனை வாங்கி மிச்சத்தைச் சொன்னார். ஈஸ்ட் ஹாமில் அவருடைய கடையில் மீன் வைக்கிற குளிர்பெட்டியைத் திருத்திக்கொண்டிருந்தவர், நெஞ்சுக்குள் ஏதோ செய்கிறது என்று ஒரு வாளியைக் கவிழ்த்து அதன்மேல் இருந்தாராம். அம்புலன்ஸ் வந்து ஏற்றியும் ஆஸ்பத்திரி வரைக்கும் தாங்கவில்லை. நான் ஏறவேண்டிய பேருந்து வந்து நின்று, கதவைத் திறந்து, மூடிக்கொண்டு போயிற்று.

ஈஸ்ட் ஹாமில் கடை வைத்திருக்கிறவர்களுக்கு அவரை 'ஃபிரிட்ஜ் நேசன்' என்று தெரியும். நாங்கள் முன்பு இருந்த மெரீனாப் படகுத்துறையில் வெள்ளைக்காரர்கள் 'நெஸ்' என்பார்கள். அவரைப் பகிடி பண்ணியவர்களுக்கு அவர் 'போட் நேசன்'. செத்தவீட்டில் படத்துக்குக் கீழே 'சிவநேசன்' என்று முழுப்பெயரைப் பார்த்தபோது, நான் பிழையான மண்டபத்துக்கு வந்துவிட்டேனோ என்று ஒரு கணம் திகைத்துப் போனேன். அங்கேயும் ஆட்கள் சும்மா இருக்கவில்லை. மனிதர் ஏன் இத்தனை வருடம் போய் ஒரு படகில் இருந்தார் என்று கோப்பிக் கோப்பையும் கையுமாக ஆராய்ந்தார்கள். வாடகை மலிவு என்றார் ஒருவர். கவுன்சில் வரிக்குத் தப்பலாம் என்றார் இன்னொருவர். சின்ன விசர் இருந்தது என்று ஒரு அம்மா அடித்துச் சொன்னார். எனக்கு வாய் துறுதுறுத்தது. மலர் பக்கத்தில் இருந்ததால் பேசாமல் இருந்தேன். அங்கே சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன்.

ஐரோப்பாவில் குடியுரிமை எடுத்த எங்கள் ஆட்கள் ஒவ்வொரு குடும்பமாக லண்டனுக்குப் பெயர்ந்துகொண்டிருந்த காலம் அது. நாங்கள் ஒல்லாந்திலிருந்து வந்தோம். என் கணவருக்குக் கிழக்கு லண்டனில் கட்டடங்களுக்கு மின்சார வேலை. வேலைக்குக் கிட்டவாக வீடு தேடியபோது இந்த மெரீனா அகப்பட்டது. தேம்ஸ் ஆற்றோடு சேர்ந்த பழைய கப்பல்துறை. சரக்குக் கப்பல்கள் போனபிறகு அதைத் திருத்தி, சுற்றிவர மாடிவீடுகள் கட்டி, நடுவில் இருந்த தண்ணீரில் ஆட்கள் வாழ்கிற படகுகளை வரிசையாகக் கட்டியிருந்தார்கள். கடலேற்றத்தில் ஆறு பெருகும்போது மடைக்கதவைத் திறப்பார்கள். உப்பு வாசம் நேரே எங்கள் குசினிக்குள் வரும். கடற்பறவைகள் கத்துகிற கத்தலில் இது லண்டன் என்பதே மறந்துபோகும்.

எங்கள் சொந்தக்காரர் ஒருவருக்கும் இது பிடிக்கவில்லை. "கோயிலும் கடையும் இஞ்சை இருக்க, உங்கை தண்ணிக்கரையிலை வாடகைக் காசைக் கொட்டிக்கொண்டு என்ன செய்யிறியள்?" என்று கேட்டார்கள். குளிர் பிடிக்கும், பிள்ளைப்பேற்றுக்குக் கூடாது, கள்ளன் படகில் வருவான் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார்கள். ஒல்லாந்தில் கடல் மட்டத்துக்குக் கீழே இத்தனை வருடம் படுத்தெழும்பியவளைத் தண்ணீரைக் காட்டிப் பயமுறுத்தினார்கள்.

வந்து சில கிழமைகளில் ஒரு பின்னேரம் பல்கனியில் நின்றேன். கீழே படகுகளின் பக்கமிருந்து ஒரு ஆம்பிளைக் குரல் பெரிதாகக் கேட்டது.

"கேக்குதே? ... கேக்குதே? ... இப்ப கேக்குதே?"

சுத்தமான யாழ்ப்பாணத் தமிழ். அந்த வெள்ளைக்காரக் குளத்துக்குள்ளிருந்து அதைக் கேட்டதும் எனக்கு என்ன வந்ததோ தெரியாது. எட்டிப் பார்த்து, "கேக்குது, சொல்லுங்கோ!" என்று நானும் கத்தினேன்.

ஒரு பழைய நீலப் படகின் மேல்தட்டில், செம்மஞ்சள் நிற லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு ஒரு மனிதர் நின்றார். காதில் போன். அப்படியே உறைந்துபோய் என்னை அண்ணாந்து பார்த்தார். பிறகு போனுக்குள் குரலைத் தணித்து, ஆனால் எனக்கும் கேட்கத்தக்கதாக, "மலர், ஒருக்கா வையும். இஞ்சை மேலை ஒரு தமிழ்ப் பிள்ளை நிக்குது" என்றார்.

அடுத்த நாள் ஒரு பை முருங்கைக்காயோடு வாசலில் நின்றார். தேநீர் குடித்தபடி தன் கதையைச் சொன்னார். கலியாணம் கட்டி மூன்று மாதம்தான் மனைவியோடு இருந்திருக்கிறார். பிறகு நாட்டை விட்டு ஓடவேண்டி வந்து, பாரிசில் சில காலம் இருந்து குளிர்பெட்டி வேலை பழகி, லண்டனுக்கு வந்து சேர்ந்தவர். மலர் யாழ்ப்பாணத்தில். கூப்பிடுவதற்கு விசா வழி இன்னும் திறக்கவில்லை. ஈஸ்ட் ஹாமில் ஒரு அறையில் ஆறு பேரோடு இருந்திருக்கிறார். தொலைபேசி அட்டை வாங்கி ஞாயிற்றுக்கிழமைகளில் எடுப்பாராம். மலர் அங்கே கொம்யூனிகேசனில், அதுதான் காசு கட்டிப் போன் பேசுகிற கடையில், வந்து காத்திருப்பாளாம்.

"அவவுக்குப் பின்னாலை ஒரு வரிசை சனம். எனக்குச் சுத்திவரக் கட்டில். நான் சுகம், நீர் சுகமோ எண்டதுக்கு மேலை என்னத்தைக் கதைக்கிறது, தங்கச்சி? ஒரு நாள் கதைச்சிட்டு வைக்கிறன், பக்கத்துக் கட்டில்காரன் கேக்கிறான், 'அண்ணை, மலரக்காக்குப் பல்லுக்கொதி மாறீட்டுதாமோ?' எண்டு. எனக்கு விசர் வந்திட்டுது. நாங்கள் போனிலை குடும்பம் நடத்திற ஆக்கள். குடும்பம் நடத்த ஒரு இடம் வேண்டாமே?"

அதற்காகத்தான் படகு. வேறு ஒன்றுக்காகவும் அல்ல. மெரீனாக் கோப்பிக்கடையில் குளிர்பெட்டி திருத்தப் போனபோது அங்கே இருந்த ஒரு கிழவர், தான் ஸ்பெயினுக்குப் போய் இருக்கப்போவதாகவும் தன் படகை யாராவது வாடகைக்கு எடுத்துப் பார்த்துக்கொண்டால் நல்லது என்றும் சொல்லியிருக்கிறார். இவர் அந்த இடத்திலேயே தலையாட்டிவிட்டார். மெரீனா அலுவலகத்தில் அவரிடம் கேட்ட முதல் கேள்வி, நீந்தத் தெரியுமா என்பது. சாவகச்சேரிக்காரர் அவர். கடலையே பேருந்து யன்னலால் பார்த்தவர். "யெஸ்" என்று சொல்லியிருக்கிறார்.

"ஒபிஸிலை என்ன கேட்டாலும் ஓம் எண்டு சொல்லிப் போடவேணும், தங்கச்சி. பிறகு வந்து பழகலாம்."

நீச்சலை அவர் கடைசிவரை பழகவில்லை. முதல் குளிர்காலம் முழுக்க நித்திரைக்கும் அந்த லைஃப் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டுதான் போனார். ஒரு பெரிய படகு மடைக்கதவால் உள்ளே வந்தால் போதும், அது கிளப்புகிற அலையில் அவருக்கு வயிற்றைப் புரட்டும். கயிற்றைப் பிடித்துக்கொண்டு மிதக்கிற மரப்பாதையில் வந்து குந்தியிருப்பார். பக்கத்துப் படகு மார்கிரட், எழுபது வயதுக்காரி, அவருக்கு இஞ்சி பிஸ்கட் கொண்டுவந்து கொடுப்பாள். ஆனாலும் ஞாயிறு பின்னேரங்களில் அவரைப் பார்க்கவேண்டும். மேல்தட்டில் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்து நடந்து கதைப்பார். சிரிப்பார். யாரைப் போலவோ கதைத்துக் காட்டுவார். மடைக்கதவு திறக்கிற இரைச்சலில் "இது கடல்சத்தம் மலர், உமக்குக் கேக்கட்டும்" என்று போனைத் தண்ணீர்ப் பக்கம் நீட்டுவார். ஒருநாள் பாட்டுக்கூடப் படித்தார். தாளம் கொஞ்சமும் இல்லை. நானும் என் கணவரும் குசினி யன்னலடியில் நின்று, விளக்கைப் போடாமல் கேட்டுக்கொண்டிருந்தோம்.

சமாதானப் பேச்சு நடந்த அந்த வருடங்களில் மலரின் வீட்டுக்கே போன் வந்தது. பிறகு ஞாயிறு என்ற கணக்கில்லை, தினமும் பின்னேரம் பேச்சு.

குரோய்டன் குடிவரவு அலுவலகத்துக்கு நடையாய் நடந்து அவருக்கு ஒழுங்கான அனுமதி கிடைத்ததும், இனி மலரைக் கூப்பிடலாம் என்று துள்ளிக்கொண்டு வந்தார். அடுத்த கிழமையே முகம் தொங்கிப்போயிற்று. படகைக் காட்டினால் சரிவராது, மனைவி வந்து இருக்கச் சுவரும் கூரையும் உள்ள வீடு காட்டவேண்டும் என்று சட்டத்தரணி சொல்லிவிட்டார். எங்கள் ஆட்கள் இதற்கு எப்போதும் செய்கிறதை அவருக்கும் சொன்னார்கள்: யாருடைய விலாசத்தையாவது குடு, வந்தபிறகு பார்ப்பம். அவர் கேட்கவில்லை. "காட்டுற வீட்டிலை அவ இருக்கவேணும்" என்றார். எங்கள் வீட்டில் இரண்டாவது அறை சும்மா கிடந்தது. என் கணவரிடம் நான் வாயைத் திறக்க முதலே அவர், "அண்ணைக்குக் குடுப்பம். நெடுகக் கேட்டுப் பழகின பேர், ஆளையும் ஒருக்காப் பாப்பம்" என்றார். வீட்டுக்காரரிடம் கேட்டு ஒப்புக்கொள்ள வைத்தோம்.

அந்த அறையை நேசன் அண்ணை ஒரு மாதமாகச் சோடித்தார். சுவருக்கு மங்கல் மஞ்சள் அடித்தார். மலருக்குப் பல்லிப் பயம் என்று யன்னல் இடுக்கெல்லாம் அடைத்தார். இங்கே பல்லி இல்லை, அண்ணை, என்று சொன்னேன். "அது எங்களுக்குத் தெரியும். அவவுக்குத் தெரியவேணுமே" என்றார். அவளுக்கு இடதுபக்கம் திரும்பிப் படுத்தால்தான் நித்திரை வரும், பால் விடாத தேநீர்தான் பிடிக்கும், செருப்பு எப்போதும் ஒரு அளவு பெரிதாக வேண்டும். ஒரு மனைவியைப் பற்றி அவ்வளவு தெரிந்த ஆம்பிளையை நான் பார்த்ததில்லை. என் கணவரைத் திரும்பிப் பார்த்தேன். என் செருப்பின் அளவு இவருக்கு இன்றைக்கும் தெரியாது.

மலர் வந்தாள். விமான நிலையத்தில் தள்ளுவண்டியோடு கதவால் வெளியே வந்து நின்றாள். அவர் போய் எதிரே நின்றார். கட்டிப்பிடிப்பார், அழுவார், குறைந்தது கையையாவது பிடிப்பார் என்று நான் கைலேஞ்சி எடுத்துத் தயாராக நின்றேன்.

"பிரயாணம் எப்பிடி?" என்றார்.

"பரவாயில்லை" என்றாள்.

வண்டியில் அவர் முன்னால் என் கணவருக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டார். மலர் என்னோடு பின்னால். வீடு வந்துசேரும் வரை நான் ஒருத்திதான் வாய் ஓயாமல் கதைத்தேன்.

வெட்கம், இரண்டு நாளில் தெளியும் என்று நினைத்தோம். தெளியவில்லை. வேலையால் வருவார். "சாப்பிட்டனீரோ?" என்பார். "ஓம்" என்பாள். பிறகு அவர் சுவரைப் பார்ப்பார், அவள் தரையைப் பார்ப்பாள். கொஞ்ச நாளில், படகில் தண்ணீர் இறைக்கிற மோட்டர் பிழை, பக்கத்தில் இருந்து பார்க்கவேண்டும் என்று ஒரு சாட்டுச் சொல்லிக்கொண்டு படுக்கையைப் படகுக்கு மாற்றிவிட்டார். மோட்டர் சுகமாகத்தான் இருந்தது. மார்கிரட்டே என்னிடம் சொன்னாள்.

ஒரு காலை, அரிசி களைந்துகொண்டிருந்த மலர் திரும்பாமலே சொன்னாள்: "அக்கா, போனிலை கதைச்சவர் இவர் இல்லை."

நான் அடுப்பைத் தணித்துவிட்டு அவளுக்குக் கிட்டப் போனேன்.

"அவர் பகிடி விடுவார். பாட்டுப் படிப்பார். எனக்கு ஒண்டெண்டா, சொல்ல முதலே குரலிலை கண்டுபிடிச்சிடுவார். இந்த மனிசன் ஆரோ. அவற்றை குரலை வாங்கிக்கொண்டு வேறை ஆரோ வந்து நிக்கிறார் போலை கிடக்கு. எனக்கு அவரைப் பாக்கவேணும் போலை இருக்கு, அக்கா. இஞ்சை வந்தபிறகு கூடுதலா இருக்கு." களைந்த அரிசியைத் திரும்பவும் களைந்தாள். "நான் திரும்பிப் போகட்டே?"

அவரைப் பிடித்து நன்றாக ஏசுவது என்று மரப்பாதையால் விறுவிறென்று போனேன். படகின் படியில் இருந்தவர் என்னைக் கண்டதும் தானே சொன்னார்: "அவவுக்கு முன்னாலை நிண்டா இந்தக் கையை எங்கை வைக்கிறதெண்டு எனக்குத் தெரியேல்லை, தங்கச்சி. போனிலை கதைக்கேக்கை கை ஒரு பிரச்சினையா இருக்கேல்லை." சொல்லிவிட்டுக் கைகள் இரண்டையும் தன் முன்னால் விரித்துப் பார்த்தார். "அவ போகப்போறன் எண்டு சொன்னவவோ?" என்று கேட்டார். நான் பொய் சொல்லவில்லை. ஓம் என்றேன்.

அன்று பின்னேரம் எங்கள் வீட்டுப் போன் அடித்தது. நான் எடுத்தேன்.

"தங்கச்சி, மலர் நிக்கிறாவே? ஒருக்காக் குடுக்கிறியளே?"

யன்னலால் பார்த்தேன். கீழே, கல்லெறி தூரத்தில், மேல்தட்டில் போனோடு நிற்கிறார். எனக்குச் சிரிப்பு வந்தது. போனை மலரிடம் நீட்டினேன். அவள் வாங்கிக் காதில் வைத்து, "ஹலோ" என்றாள்.

மறுபக்கத்தில் அவர் என்ன சொன்னாரோ எனக்குத் தெரியாது. மலரின் முகத்தைப் பார்த்தேன். வந்து இத்தனை நாளில் அந்த முகத்தை நான் கண்டதில்லை. "இவ்வளவு நாளும் எங்கை போனியள்?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு அழத் தொடங்கினாள். நான் குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தேன்.

அதன்பிறகு தினமும் அதுதான். அவர் வேலையால் வந்து, எங்களோடு சாப்பிட்டு, "சரி, வாறன்" என்று படகுக்குப் போவார். போன் அடிக்கும். அவள் யன்னலடியில், அவர் மேல்தட்டில். சந்தையில் கண்ட மீனைப் பற்றி, வேலை செய்த கடை முதலாளியின் கஞ்சத்தனம் பற்றி, ஊரில் செத்துப்போன அவளுடைய தம்பியைப் பற்றி மணிக்கணக்காகக் கதைத்தார்கள். கண்ணுக்கு முன்னால் நிற்கிற மனைவிக்குப் போன் எடுக்கிற மனிதரை உலகத்திலேயே இங்கேதான் பார்க்கலாம் என்று என் கணவர் பகிடி பண்ணினார். ஆனால் எட்டு மணிச் செய்தியை அவர்தான் போய் நிறுத்துவார், மலருக்கு இரைச்சலாக இருக்கும் என்று.

ஒருநாள், கோடைகாலம், ஒன்பது மணிக்கும் வெளிச்சம் மங்காத ஒரு நாள். எங்கள் போன் கம்பியில்லாதது. கையில் எடுத்துக்கொண்டு நடக்கலாம். மலர் அதில் கதைத்தபடியே கதவைத் திறந்து படிகளால் இறங்கிப் போனாள். எங்கே போகிறாள் என்று அவளுக்கே தெரிந்திராது. வாசலைத் தாண்டி, மெரீனாக் கம்பிக் கதவைத் தாண்டி, கதைத்துக்கொண்டே மிதக்கிற மரப்பாதையில் காலை வைத்தாள். தண்ணீருக்குப் பயந்து அதுவரை அதில் ஏறாதவள். நான் பல்கனியில் நின்று பார்த்தேன். பாதை பாதியளவில் அவள் திடீரென்று நின்றாள். போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். குலுக்கினாள். திரும்பக் காதில் வைத்தாள். வீட்டிலிருந்து தூரம் கூடிவிட்டது, போன் அறுந்துவிட்டது. அந்தப் பக்கம் நேசன் அண்ணையும் தன் போனைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

திரும்பி நாலு அடி வைத்தால் போன் வேலை செய்யும். அது அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அவர் அசையவில்லை, கூப்பிடவும் இல்லை. அவள் பாதையின் ஆட்டத்துக்கு ஒருமுறை தடுமாறி, நிமிர்ந்து, முன்னுக்குப் போனாள். படகடியில் போய் நின்றதும் அவர் கையை நீட்டினார். அவள் அந்தக் கையைப் பிடித்து ஏறினாள். நான் உள்ளே வந்து பல்கனிக் கதவைச் சாத்தினேன். என் கணவருக்குப் பக்கத்தில் போய் இருந்தேன்.

படகைத்தான் வீடாக்கப்போகிறோம் என்று சொன்னதும் மலர் நிபந்தனை போட்டாள். பால் காய்ச்சாமல் குடிபுகமாட்டாளாம். சின்னக் காஸ் அடுப்பில் புதுச் சட்டி வைத்து, மார்கிரட் உட்பட எல்லாரும் நெருக்கியடித்துக்கொண்டு பால் பொங்கக் காத்திருந்தோம். பொங்குகிற தறுவாயில் யாரோ ஒருவருடைய படகு உள்ளே வந்தது. அலை அடித்தது. சட்டி சரிந்து பால் அடுப்பில் ஊற்றுண்டது. மலரின் முகம் கறுத்தது.

"பொங்கேல்லையே, சரிஞ்செல்லோ போட்டுது" என்றாள்.

கயிற்றைப் பிடித்துக்கொண்டு, புரட்டுகிற வயிற்றோடு நின்ற நேசன் அண்ணை சொன்னார்: "பொங்கினதோ சரிஞ்சதோ, பால் வெளியிலை வந்திட்டுதுதானே. உள்ளுக்கை கிடந்தாத்தான் பிழை."

மார்கிரட்டுக்கு என்ன விளங்கியதோ, முதலாவதாகக் கைதட்டியது அவள்தான்.

அவர்களுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. காலம் போய்விட்டது என்று மலர் ஒரே ஒருமுறை சொன்னாள். எல்லாரும் வீடு வாங்கச் சொல்லி அவரை அரித்தார்கள். "இஞ்சை நான் கதைக்க அவ கேக்கிறா, அவ கதைக்க நான் கேக்கிறன். பெரிய வீட்டிலை அந்த முனையிலை நிண்டா கேக்காதே" என்பார். பகிடி என்று சிரிப்பார்கள். அவர் பகிடிக்குச் சொல்லவில்லை.

நாங்கள் கடைசியில் ஊரோடு ஒத்துப்போய், வாடகையை விட்டு லூயிஷாமில் வீடு வாங்கினோம். நாலு அறை, பின்னால் தோட்டம், கோயிலும் கிட்ட. எல்லாருக்கும் திருப்தி. எனக்கு மட்டும் பின்னேரங்களில் அந்த மெரீனா வேண்டியிருக்கிறது. உப்பு வாசம் வேண்டியிருக்கிறது. கயிறுகள் இறுகித் தளர்கிற சத்தம் வேண்டியிருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, கீழே தண்ணீர்ப் பக்கமிருந்து இரண்டு பேர் ஓயாமல் கதைக்கிற சத்தம். என்ன கதைக்கிறார்கள் என்று விளங்காது. அது கேட்டுக்கொண்டிருக்கும்போது சமைப்பேன், உடுப்பு மடிப்பேன். அப்போது அது சந்தோஷம் என்று நான் அறிந்திருக்கவில்லை. இப்போது அறிந்து என்ன பயன்?

நேசன் அண்ணையிடமிருந்து நான் வைத்துக்கொள்ளப்போவது ஒன்றுதான். தன் மனிசியோடு கதைக்க ஒரு இடம் வேண்டும் என்பதற்காக, நீந்தத் தெரியாத ஒரு மனிதர் தண்ணீரின்மேல் குடியேறினார். அவர் இறந்த கிழமையிலிருந்து, எங்கள் வீட்டில் ஆளுக்கொரு அறையில் ஓடுகிற தொலைக்காட்சிகளைச் சாப்பாட்டுக்குப் பிறகு நான் நிறுத்துகிறேன். "என்ன, ஏதும் பிழையோ?" என்று இவர் முதல்நாள் பதறிப்போய்க் கேட்டார். ஒன்றுமில்லை, இருங்கோ, கதைப்பம் என்றேன். முதல்நாள் இருவருக்கும் கதைக்க ஒன்றும் அகப்படவில்லை. இப்போது கொஞ்சம் கொஞ்சமாக வருகிறது.

அந்தியேட்டிக் கிரியைகள் முடிந்த மறுநாள் மலரிடம் போனேன். எங்களோடு வந்து இரு, ஒரு அறை உனக்கென்றே இருக்கிறது என்றேன். அவள் படகை விடமாட்டேன் என்றாள். ஸ்பெயின் கிழவருக்கும் சொல்லியாயிற்றாம், வாடகை வழமைபோல வரும் என்று. நான் திரும்பவும் வற்புறுத்தினேன். இத்தனை சின்ன இடத்தில் தனிய எப்படி இருப்பாய் என்று கேட்டேன்.

"பத்து வருசம் அவர் இல்லாமல் இருந்தவள்தானே, உனக்குப் பழக்கம்தானே எண்டு வந்த சனம் எல்லாம் சொல்லுது, அக்கா" என்றாள். "நானும் அப்பிடித்தான் நினைச்சன். எனக்கு இது தெரிஞ்ச வேலைதானே எண்டு."

தேநீர்க் கோப்பையை என் கையில் தந்தாள். வெளியே மடைக்கதவைத் திறக்கிறார்கள் போல, தண்ணீர் இரைந்தது. அவள் எதிரே இருந்து, என்னைப் பார்த்துச் சொன்னாள்:

"ஆனா அப்ப அவர் லண்டனிலை இருந்தவர், அக்கா."